பச்சை கூடாது

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். இன்னா ஜூஸ் குடிச்சீங்க? தலையில் முடி மறுபடி முளைத்துவிட்டது, முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது, மாதக்கணக்கில் காணாமல் போயிருந்தவள் பள்ளிக்கூடத்துச் சமையல் கூடத்தில் மறுபடி அரிசி அளந்துகொண்டு நிற்கிறாள். இதற்கெல்லாம் ஏதோ ஒரு ஜூஸ்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். என் வீட்டுக்காரர் சின்னசேலத்தில் கரும்புச் சாறு கடை வைத்திருப்பதால் அந்தச் சந்தேகம் இன்னும் பலமாகிறது. ஆளுக்கு ஒரு தடவை சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் குடித்த ஜூஸ்களின் முழுக்கதை இதுதான்.

நான் சத்துணவு அமைப்பாளர். பாடம் நடத்துகிறவள் இல்லை என்றாலும் ஊரில் எல்லோருக்கும் வசந்தா டீச்சர்தான். இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சோறும் பருப்பும் முட்டையும் அளந்து போடுகிற வேலை. எதையும் ஏன், எப்படி என்று கேட்காமல் விடுவது என் பிறவியில் கிடையாது. உப்பு எதனால் நீர்த்துப்போகிறது என்று மளிகைக் கடைக்காரரை நிற்க வைத்துக் கேட்டவள் நான். அப்படிப்பட்டவள், குளிக்கும்போது வலது மார்பில் வேர்க்கடலை அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டதைப் பற்றி மட்டும் மூன்று மாதம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வலி இல்லை. வலித்திருந்தால் மறுநாளே ஓடியிருப்பேன். வலிக்காததைத்தான் சீக்கிரம் காட்ட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிற பெண்கள் ஜூஸை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கள்ளக்குறிச்சியில் மேமோகிராம் எடுத்தார்கள். மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி எடுக்கிற எக்ஸ்ரே அது. கரும்பு மெஷினுக்குள் போகிற கரும்பின் கஷ்டம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பிறகு சேலத்தில் ஒரு மருத்துவமனையில் பயாப்ஸி. கட்டிக்குள் ஊசியை விட்டு நூல் மாதிரி கொஞ்சம் சதையை எடுத்து, அதில் புற்றணு இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. எடுத்ததைக் காட்டச் சொன்னேன். அந்தப் பெண் டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். வெள்ளையாக, சேமியாத் துண்டு மாதிரி மிதந்தது. இத்தனூண்டுதானா என்று நினைத்தேன். ரிப்போர்ட் வந்த அன்றைக்கு, அந்த இத்தனூண்டை நினைத்து மருத்துவமனைக் கேண்டீனில் உட்கார்ந்து அழுதேன். பயந்துதான் அழுதேன். வேறு எதுவும் இல்லை.

அறுவை சிகிச்சை முடிந்தது. அதற்குப் பிறகு இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு முறை, கீமோ என்றார்கள். கீமோ என்றால் என்ன என்று கேட்டேன். வேகமாகப் பெருகுகிற அணுக்களைத் தேடிப் பிடித்துக் கொல்கிற மருந்து என்றார் டாக்டர். புற்றணு வேகமாகப் பெருகும். ஆனால் முடியின் வேரும் வேகமாகப் பெருகும், வாய்க்குள் இருக்கிற தோலும் பெருகும், எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடமும் பெருகும். மருந்துக்கு நல்லது கெட்டது பார்க்கத் தெரியாது, எல்லாவற்றையும் ஒரே அடியாக அடிக்கும். முடி கொட்டுவது அதனால்தான், வாய் வெந்துபோவதும் அதனால்தான். ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள் குறைவதுதான் இதில் பெரிய ஆபத்து. ஊசி போட்ட பத்தாம் நாள் வாக்கில் அவை மிகவும் கம்மியாகிவிடும், அப்போது காய்ச்சல் நூறைத் தாண்டினால் வீட்டில் மாத்திரை போட்டுப் பார்க்காமல் நேரே கிளம்பி வந்துவிட வேண்டும் என்று எழுதியே கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன்.

இனி என் வீட்டுக்காரர். ராமலிங்கம் என்று பெயர். மருத்துவமனையில் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. வரிசையில் நிற்பார், பில் கட்டுவார், பையைத் தூக்குவார், ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் கடைக்குச் சாறு குடிக்க வந்த யாரோ ஒருவர் போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறார். இலையையும் காயையும் சாறு பிழிந்து குடித்தே புற்றுநோய் ஓடிப்போன கதை. இந்த மனுஷனுக்கு உலகத்தில் தெரிந்த ஒரே வித்தை சாறு பிழிவது. அதுவே மருந்து என்று ஒருத்தர் சொன்னால் சும்மா இருப்பாரா? வீட்டுக்கு வரும்போது முகமே மாறியிருந்தது.

முதல் கீமோ முடிந்த மறுவாரம் ஆரம்பித்தது. அருகம்புல், கொத்தமல்லி, முருங்கை இலை, கொஞ்சம் இஞ்சி. மிக்ஸியில் அடித்தால் சத்து சூடாகிவிடும் என்று வீடியோவில் சொன்னார்களாம். அதனால் எல்லாவற்றையும் கட்டி, கரும்பு மெஷினிலேயே விட்டுப் பிழிந்தார். அந்த வாரம் முழுக்கக் கடையில் முதல் கிளாஸ் குடித்தவர்கள் கரும்புச் சாற்றில் புல் வாசனை அடிக்கிறது என்று முகம் சுளித்தார்களாம். சர்க்கரை புற்றுக்குத் தீனி என்றும் அதே வீடியோ சொல்லியிருந்ததால், கரும்புச் சாறு விற்கிற வீட்டில் எனக்கு மட்டும் டீக்குக்கூடச் சர்க்கரை கிடையாது.

எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். கீமோவில் நாக்கு செத்துப்போய், எதை வைத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போலிருந்தது. அந்த நாக்கில் அருகம்புல். ஒரு நாள் டம்ளரைத் தள்ளி வைத்தேன்.  அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய், ஒரு மணி நேரம் கழித்து வேறு சாறு புதிதாகப் பிழிந்து கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார். அதற்குப் பிறகு நான் தள்ளவில்லை. வயிறு முட்டக் குடித்ததில் பசி போனது. சாதம் பாதியானது, முட்டை நின்றது. பிள்ளைகளை முட்டை சாப்பிடு, முட்டை சாப்பிடு என்று விரட்டியவள், இரண்டு வாரத்தில் மூன்று கிலோ இளைத்துப்போய் நின்றேன். உடம்பில் இருந்த கெட்டதெல்லாம் கரைகிறது என்று அவர் சந்தோஷப்பட்டார்.

கீமோ போடுகிற கூடத்தில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரே கிழமை, ஒரே நாற்காலி என்று தானாகவே அமைந்துவிடும். எனக்குச் செவ்வாய்க்கிழமை. எனக்கு அடுத்த நாற்காலி ராமாயிக்கு.

ராமாயி கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர். சாமை விதைக்கிற கொஞ்சம் நிலம், மூன்று ஆடு. புருஷன் இல்லை, மகன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். சினைப்பையில் கட்டி. மலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, தனியாகவே வருவாள். வயது என்னவென்று அவளுக்கே தெரியாது. என்னைவிட நாலைந்து வருடம் கூட இருக்கும் என்று பட்டதால் நான் அக்கா என்றேன், அவள் என்னை டீச்சரு என்றாள். முதல் நாளே என் டிரிப்ஸ் பாட்டிலை எட்டிப் பார்த்து, உங்களுக்குச் செவப்பு, எனக்கு ஏன் வெள்ளை என்று கேட்டாள். எனக்கு அவளை அங்கேயே பிடித்துவிட்டது. அந்தக் கூடத்தில் என்னைத் தவிரக் கேள்வி கேட்கிற ஆள் அவள் ஒருத்திதான். அவளுக்காக நான் சிஸ்டரைக் கேட்டுச் சொன்னேன், ஒவ்வொரு புற்றுக்கும் மருந்து வேறு, என் மருந்து நிறத்திலேயே சிவப்பு.

முதல் முறை போனபோது ஜன்னலோரம் மணலூர்பேட்டைக்காரர் ஒருவர் இருந்தார். கரும்பு போட்டவர். என் வீட்டுக்காரரோடு எந்தக் கரும்பில் சாறு ஜாஸ்தி என்று பேசிக்கொண்டே நேரம் போக்கினார். இரண்டாவது முறை நாங்கள் போனபோது அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். ராமாயி சிஸ்டரிடம், ஜன்னலாண்ட இருந்தவரு எங்கே என்று கேட்டாள். சிஸ்டர் டிரிப்ஸைச் சரிசெய்துகொண்டே இல்லை என்பது போல் தலையை மட்டும் மெதுவாக ஆட்டிவிட்டு நகர்ந்து போனார். ராமாயி அதற்குப் பிறகு அன்று முழுக்க எதுவும் கேட்கவில்லை.

அதே நாள்தான் அந்த வார்த்தையும் வந்தது. என் வீட்டுக்காரர் கண்ணாடி பாட்டிலில் பச்சைச் சாற்றைக் கொண்டுவந்து எனக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கூடத்தின் அந்தக் கோடியில் யாருக்கோ வாந்தி. ஓடிக்கொண்டிருந்த சிஸ்டர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, நிற்காமலே, "அண்ணே, பச்சையா எதுவும் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் பாட்டிலைப் பார்த்தார். பாட்டில் பச்சையாக இருந்தது. மூடிப் பைக்குள் வைத்துவிட்டார்.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் என்னிடம் சொன்னார், பச்சை கூடாதாம். நான் படித்தவள், விவரம் தெரிந்தவள். என்ன செய்திருக்க வேண்டும்? என்ன பச்சை என்று கேட்டிருக்க வேண்டும். நான் அதைவிட ஒரு படி மேலே போனேன். எங்கள் தெருவில் இதய ஆபரேஷன் ஆன ஒருவருக்கு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதால், கீரையைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அது மாதிரி இலையில் இருக்கிற பச்சை என் மருந்தோடு மோதும் போலிருக்கிறது என்று அவருக்கு விளக்கமே கொடுத்தேன். தெரியாத மனுஷன் ஒரு தப்பு செய்தார், தெரிந்தவள் நான் அந்தத் தப்புக்குக் காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் வீட்டிலிருந்து பச்சை மொத்தமும் வெளியேறியது. கீரை, கொத்தமல்லி, அவரைக்காய், பச்சைப் பயறு, பச்சை மிளகாய், பூவன் பழத் தாரில் பழுக்காமல் இருந்த நாலு காய் உட்பட. நல்ல வேளை, என் கிளிப்பச்சைப் புடவையை விட்டு வைத்தார். அந்த இடத்துக்குச் சிவப்பு வந்தது. பீட்ரூட், கேரட், மாதுளை. எல்லாம் அதே மெஷின். இது கொஞ்சம் இனிப்பாக இருந்ததால் நானும் பேசாமல் குடித்தேன்.

மூன்றாவது கீமோவுக்கு அந்தச் சிவப்புச் சாறு எவர்சில்வர் பாட்டில்களில் வந்தது. பாட்டிலுக்குள் என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது, சிஸ்டருக்கும் தெரியாது. ராமாயிக்கு ஒரு டம்ளர் ஊற்றினேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்து, சிவந்த விரலைப் பார்த்தாள். அவளுக்கு வீட்டில் சமைத்துக் கொடுக்க ஆள் இல்லை. பஸ்ஸில் வரும்போது வெறும் வயிறு. இன்னொரு டம்ளர் கேட்டாள். நான் என் பங்கையும் கொடுத்தேன். கொடுத்ததில் அன்பு பாதி, என் வயிற்றைக் காப்பாற்றிக்கொள்வது பாதி. என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் முறையாக ஒருத்தர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். மிச்சமிருந்த இரண்டு பாட்டிலையும், வூட்ல போய் வெச்சிக் குடிங்கம்மா என்று அவள் பையில் திணித்து அனுப்பினார்.

அன்று மாலை எனக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. அந்தச் சிவப்பு மருந்து அப்படிப் போகும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். பீட்ரூட்டும் அப்படிப் போகும் என்று எனக்கே தெரியும். இது எந்தச் சிவப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு நாள் பீட்ரூட்டை நிறுத்திப் பார்க்கலாம் என்று ஒரு சோதனைகூட மனதில் போட்டு வைத்தேன். அவர் விடவில்லை.

பதினோராம் நாள், மதியம் பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மா பார்க்க வந்து பேசிக்கொண்டிருந்தபோது குளிர் எடுத்தது. வெயில் காலம். போர்வையைக் கேட்ட என்னை அந்த அம்மா விநோதமாகப் பார்த்தார். தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது. என் வீட்டுக்காரர் ஒரு மாத்திரையும் கஷாயமும் போதும் என்றார். நான் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த காகிதத்தைக் காட்டினேன். கார் பிடித்து சேலம் போனோம்.

ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணு கிட்டத்தட்ட இல்லை என்கிற அளவுக்கு வந்திருந்தது. தனி அறை, வாயில் மாஸ்க், இரண்டு கையிலும் ஊசி. உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார்கள். டாக்டர் சின்னப் பெண். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, என்னென்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். எனக்குப் பேசத் தெம்பு இல்லை. என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெருமையோடு ஒப்பித்தார். கடைசியில், "பச்சைதான் ஒண்ணுமே குடுக்கறதில்லீங்களே" என்று முடித்தார்.

"பீட்ரூட்டை வேக வச்சா குடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

"ஜூஸை யாராச்சும் வேக வெப்பாங்களாம்மா? அப்படியேதான்."

"அப்போ அது பச்சைதானே?"

"இல்லீங்க," என்றார் இவர், ரொம்ப மரியாதையாக. "செவப்பு."

டாக்டர் முதலில் சிரித்துவிட்டார். பிறகு சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பிள்ளைக்குச் சொல்வது போல் அவருக்குச் சொன்னார். சிஸ்டர் சொன்ன பச்சை, நிறம் இல்லை. வேகாதது. பச்சைத் தண்ணி என்கிறோமே, அந்தப் பச்சை. எல்லோர் வயிற்றுக்குள்ளும் தினமும் கொஞ்சம் கிருமி போகிறது, வெள்ளை அணுக்கள் பார்த்துக்கொள்கின்றன. இவங்களுக்கு இப்போது அந்தக் காவல் இல்லை. மண்ணில் விளைந்த காயை வேகாமல், ஊருக்கே பிழிகிற மெஷினில் பிழிந்து கொடுத்தால், ஊருக்கு ஒன்றும் ஆகாது, இவங்களுக்கு ஆகும். கீரை வேண்டாம் என்று யார் சொன்னது? நன்றாகக் கழுவி வேக வைத்துக் கொடுங்கள். முழுசாக வெந்த முட்டை, பருப்பு, குழைந்த சோறு, தோலை உரித்துச் சாப்பிடுகிற வாழைப்பழம், ஆரஞ்சு. சர்க்கரைக்குப் பயந்து பட்டினி போடாதீர்கள், எடை குறைந்தால் மருந்தைத் தாங்காது. ஜூஸ் சாப்பாடு இல்லை, சாப்பாட்டுக்கு இருக்கிற இடத்தை அது பிடித்துக்கொள்கிறது.

இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த ஜூஸால்தான் காய்ச்சல் வந்ததா?

டாக்டர் பொய் சொல்லவில்லை, பழியும் போடவில்லை. "அப்படின்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுங்க. அவங்க வயித்துக்குள்ள ஏற்கெனவே இருந்த கிருமியே கூட கெளம்பியிருக்கலாம். ஆனா இனிமே வேண்டாம்."

இவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். கையைக் கழுவுகிற இடத்தில் நின்று, யாரும் சொல்லாமலே, ரொம்ப நேரம் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டுவதென்றால் விளக்கம் கொடுத்தவளை அல்லவா முதலில் திட்ட வேண்டும்.

காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கியது. வெள்ளை அணுவை ஏற்றுவதற்குத் தொப்புள் பக்கத்தில் தினம் ஓர் ஊசி. தினமும் காலையில் எண்ணிக்கையைச் சீட்டில் எழுதித் தருவார்கள். நான் பரீட்சை மார்க் மாதிரி அதை வாங்கி வைத்துக்கொண்டு, பச்சை என்கிற வார்த்தையை யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். பச்சரிசி பச்சை இல்லை. பச்சைக் குழந்தை பச்சை இல்லை. பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்கிறோம். பச்சைப் பொய்க்கு நிறமே இல்லை. பிறந்தது முதல் பேசுகிற வார்த்தையில் இப்படியா ஏமாறுவது என்று சிரிப்பு வந்தது. அப்போதுதான் ராமாயி ஞாபகம் வந்தாள். சிரிப்பு நின்றது.

இரண்டு டம்ளர் அங்கேயே குடித்தாள். இரண்டு பாட்டில் பையில் போனது. சேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி, அங்கிருந்து மலை. அரை நாள் வெயிலில் குலுங்கிக்கொண்டு போன சாறு. அவளிடம் தெர்மாமீட்டர் இருக்குமா? காய்ச்சல் வந்தால் கார் பிடிக்க யார் இருக்கிறார்கள்? எனக்கு வந்தது அவளுக்கும் அங்கே வந்திருந்தால்? சிஸ்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொடுத்திருந்த நம்பர் திருப்பூரில் இருக்கிற மகனுடையது. அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அடுத்த செவ்வாய் வந்துவிடுவார், கவலைப்படாதீர்கள் என்றார் சிஸ்டர்.

எண்ணிக்கை முழுசாக ஏறாததால் என் நாலாவது கீமோவை ஒரு வாரம் தள்ளி வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வீட்டில் உட்கார்ந்து சிஸ்டருக்குப் போன் செய்தேன். காலையில் செய்தேன், மதியம் செய்தேன். ராமாயி வரவில்லை.

அடுத்த இரண்டு நாளும் சிஸ்டருக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். என் புற்றுக்குப் பயந்ததைவிட இதற்கு அதிகமாகப் பயந்தேன். நோய் என் உடம்பில் தானாக வந்தது. இது என் கையால் ஊற்றிக் கொடுத்தது. மூன்றாம் நாள் வீட்டுக்காரரிடம் மலைக்குப் போகணும் என்றேன். உனக்கென்ன பைத்தியமா, இந்த உடம்போடு மலையா என்று குதித்தார். நான் மட்டும் போயிட்டு வரேன், நீ இரு என்றார். நான் விடவில்லை. சிஸ்டர் டாக்டரைக் கேட்டுச் சொன்னார், எண்ணிக்கை ஏறிக்கொண்டு வருகிறது, கூட்டமில்லாத பஸ்ஸில் மாஸ்க் போட்டுப் போகலாம், வெளியே எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

சனிக்கிழமை முதல் பஸ். வேகவைத்த இட்லி, காய்ச்சி ஆறிய தண்ணீர், வெந்த முட்டை, அவர் ஒரு கல்யாண வீட்டுக்குக் கட்டுவது போல் கட்டி வந்தார். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் எனக்குக் குமட்டியது. அவர் என் தலைத்துணி நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார். வழியில் அவர் பேசியது ஒன்றுதான். நான் குடுத்த பாட்டிலு, வசந்தா, நீ குடுக்கல என்றார். 

வெள்ளிமலையில் இறங்கிக் கேட்டோம். ஒரு ஜீப் அந்தப் பக்கம் போனது. அதற்குப் பிறகு மரவள்ளிக் காட்டோரமாக நடை. பேர் சொன்னதும், ஆஸ்பத்திரிக்குப் போற ராமாயியா என்று ஒருவர் கை காட்டினார். போற என்றுதான் சொன்னார், போன என்று சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

வாசலில் கடுக்காயைக் கொட்டி வைத்து, நல்லது சொத்தை பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு. இளைத்திருந்தாள், ஆனால் உட்கார்ந்திருந்தாள்.  அக்கா என்று கூப்பிட்டேன். நிமிர்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் என் காலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் காலையே பார்த்தாள். செருப்பில் செம்மண் ஒட்டியிருந்தது. பிறகுதான் மெதுவாகக் கண்ணை மேலே கொண்டுவந்தாள். எதற்கு அப்படிப் பார்த்தாள் என்று எனக்கு உடனே புரியவில்லை.

காய்ச்சல் வந்ததா, வயிற்றுப்போக்கு வந்ததா, அந்த ஜூஸ் என்ன ஆயிற்று என்று நான் மூச்சுவிடாமல் கேட்டேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பாட்டிலையும் ரெண்டு நாள் வைத்துக் குடித்தாளாம். புளித்த மாதிரி இருந்ததாம், ஆனாலும் குடித்தாளாம். அப்படியானால் செவ்வாய்க்கிழமை ஏன் வரவில்லை என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் என்னைச் சாக அடித்துவிட்டு இங்கே உட்கார்ந்து கடுக்காய் பொறுக்குகிறாளே என்று.

"வந்தேன் டீச்சரு," என்றாள். "கதவாண்ட வந்து எட்டிப் பார்த்தேன். உங்க நாற்காலில வேற யாரோ ஒக்காந்துகினு இருந்தாங்க."

"அதுக்கு?"

"திரும்பி வந்துட்டேன்."

"யாரையாவது ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாக்கா?"

"இன்னான்னு கேக்கறது?" என்றாள். "தலைய ஆட்டிட்டாங்கன்னா?"

 அவள் கடுக்காயைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள். உங்களுக்குப் பக்கத்துல வூட்டுக்காரரு, கையில மருந்து மாரி ஜூஸு, கேட்டா பதில் சொல்ல டாக்டருங்க. அப்படிப்பட்ட நீங்களே பூட்டீங்கன்னா, நா எம்மாத்திரம்? எதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறிப் போய் ஊசி போட்டுக்கறதுன்னு வந்துட்டேன்.

என் வீட்டுக்காரர் அதுவரைக்கும் தள்ளி நின்றிருந்தார். இப்போது வந்து அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். "அந்த ஜூஸுதான்மா இவள ஒரு வாரம் படுக்க வெச்சிது," என்றார். "தப்பா பிழிஞ்சி குடுத்துட்டேன். உனக்கும் குடுத்துட்டேன். மருந்து அது இல்ல. மருந்து அங்க ஊசில போட்டாங்களே, அதான்."  துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ராமாயி அழவில்லை. எழுந்து வந்து என் முழங்கைக்கு மேலே கையை வைத்து, மெதுவாக அமுக்கிப் பார்த்தாள். உயிரோடு சூடாக இருக்கிறேனா என்று பார்ப்பது போல இருந்தது; முதலில் காலைப் பார்த்ததும் அதற்குத்தான். பிறகு கையை எடுக்காமலே கேட்டாள்.

"அப்ப எனக்கும் இன்னும் முடியலையா டீச்சரு?"

"இல்லக்கா," என்றேன். "செவ்வாக்கிழமை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல நிக்கறோம், வந்துடுங்க."